இறால் ஓட்டிலிருந்து பிரியாணிப் பெட்டி: ஆம்பூரில் முடியுமா?

கேள்வி இதுதான்: "ஆம்பூரில் எங்கள் குடும்பத்துக்குப் பிரியாணிக் கடை இருக்கிறது. நான் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். வேலூர் மீன் மார்க்கெட்டில் வீணாகும் இறால் ஓட்டையும் மீன் செதிலையும் கொண்டு மக்கும் பார்சல் பெட்டியும் பையும் செய்யும் தொழில் தொடங்க ஆசை. பத்து லட்ச ரூபாய்க்குள் முடியுமா? இணையத்தில் பார்த்த செய்முறைகள் எளிதாகத்தான் தெரிகின்றன."

முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற வடிவத்தில் வேண்டாம். இறால் ஓட்டை நீங்கள் கரைக்க வேண்டாம். பெட்டியை நீங்கள் வார்க்கவும் வேண்டாம். கடலோர ஆலைகளில் இறால் ஓட்டிலிருந்து ஏற்கெனவே தயாராகிற கைட்டோசான் என்ற பொருளை வாங்கிக் காகிதத்தின் மேல் பூசுங்கள். பாலாற்றங்கரையில் இந்தத் துறையில் இறங்கும் ஒருவருக்கு அதுதான் பிழைப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரோடு பல ஆண்டுகளும், கடலோரத்தில் ஒரு கைட்டோசான் ஆலையில் சில ஆண்டுகளும் கழித்தவன் நான். அதனால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சரக்கு. இறாலின் எடையில் தலையும் ஓடுமாக 40 முதல் 50 சதவீதம் கழிவாகப் போகிறது. இந்தியா ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னுக்கும் மேல் உறைய வைத்த இறாலை ஏற்றுமதி செய்கிறது. அதில் பெரும்பகுதி தலை நீக்கியோ உரித்தோ போவதால் ஓடு மலையாகக் குவிகிறது. ஆனால் அது குவிகிற இடம் நெல்லூர், பீமாவரம், விசாகப்பட்டினம், தூத்துக்குடி, கொச்சி ஆகிய ஊர்களின் பதப்படுத்தும் ஆலைகளில். வேலூரில் என்ன நடக்கிறது? காசிமேட்டிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் இறாலை ஆட்கள் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று முழுசாக வாங்கிக்கொண்டு போய் வீட்டில்தான் உரிக்கிறார்கள். ஓடு சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் வீட்டுக் குப்பைத் தொட்டிகளுக்குள் பிரிந்து போய்விடுகிறது. மார்க்கெட்டில் மிஞ்சுவது மீன் வெட்டும் இடத்துச் செவுளும் குடலும் செதிலும்தான்; இறால் ஓடு அவற்றுக்குள் கலந்து கிடக்கும் கொஞ்சமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை கட்டும் நேரத்தில் போய், இறால் ஓட்டை மட்டும் தனியே பிரித்து எடை போட்டுப் பாருங்கள். உங்கள் திட்டத்தின் முதல் செலவு அந்தப் பஸ் டிக்கெட்டாக இருக்கட்டும்.

சீசன் வேறு இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் பண்ணை வன்னாமி இறாலும் மேற்குக் கரைச் சரக்கும்தான் கைகொடுக்கும். அதுவும் வேலூர் வெயிலின் உச்சக்கட்டம். இறாலின் தலைக்குள் செரிமான நொதிகள் இருப்பதால் ஐஸ் இல்லாமல் வைத்தால் சில மணி நேரத்திலேயே கறுக்கத் தொடங்கும். மாலைக்குள் தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் நெல்லூரிலிருந்து ஈர ஓட்டை லாரியில் ஏற்றி வருவது என்றால், எடையில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீரையே காசு கொடுத்துச் சுமந்து வருகிறீர்கள் என்று பொருள்.

அடுத்தது, ஓட்டுக்குள் நடக்கிற வேதியியல். உங்களுக்குத் தெரியாதது அல்ல, இருந்தாலும் கணக்குப் போடுவதற்காகச் சொல்கிறேன். இறால் ஓடு கம்பி கட்டிய கான்கிரீட் மாதிரி: கைட்டின் என்ற நார்ப்பொருளின் இழைகள் கம்பி, கால்சியம் கார்பனேட் என்ற சுண்ணாம்பு சிமென்ட், இரண்டையும் பிணைத்துக்கொண்டு புரதம். கைட்டினை 1811-இல் ஆன்றி பிராகோனோ என்ற பிரெஞ்சுக்காரர் காளானில்தான் முதலில் கண்டார். அது தண்ணீரிலும் கரையாது, வழக்கமான கரைப்பான்கள் எதிலும் கரையாது. 1859-இல் ரூஜே என்பவர் அதைக் கடும் காரத்தில் கொதிக்கவைத்தபோது அமிலத்தில் கரையும் பொருளாக மாறியது. அதுதான் கைட்டோசான். ஆலைகள் இன்றும் செய்வது அதே வேலைதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைப்பார்கள், நீர்த்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கிப் புரதத்தை நீக்குவார்கள், பிறகு 40 முதல் 50 சதவீதக் காஸ்டிக்கில் 100 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில மணி நேரம் வேகவைத்து, கைட்டின் மூலக்கூறில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் குழுக்களை உதிர்ப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் அமிலமோ காரமோ போகும்வரை கழுவல். காணொளிகளில் இந்தக் கழுவலை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். ஆலையில் பெரிய செலவே அதுதான்.

100 கிலோ ஈர ஓடு என்று வையுங்கள். காய்ந்தால் ஏறத்தாழ 22 கிலோ. அதில் 40 சதவீதம் கால்சியம் கார்பனேட் என்றால் 9 கிலோ. அதைக் கரைக்கத் தூய ஹைட்ரோகுளோரிக் அமிலக் கணக்கில் ஆறரைக் கிலோ வேண்டும்; கடையில் கிடைக்கும் 33 சதவீத அமிலமாக எடுத்தால் 20 கிலோ. வினை முடிந்ததும் 4 கிலோ கார்பன் டை ஆக்சைடு நுரைத்துக்கொண்டு காற்றில் போகும் (தொட்டி பொங்கி வழிவதை முதல் முறை பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள்). மிச்சம் 10 கிலோ கால்சியம் குளோரைடு தண்ணீரில் கரைந்து நிற்கும். கடைசியில் கையில் வரும் கைட்டோசான் மூன்றரைக் கிலோ, நல்ல நாளில் நாலு கிலோ. காஸ்டிக்கைச் சமன் செய்யும்போது உருவாகும் உப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை.

ஒரு கிலோ மக்கும் பொருளுக்கு மூன்று கிலோ மக்காத உப்பு. இதை ஒரு துறைமுக ஊர்க்காரரிடம் சொன்னால் தோளைக் குலுக்குவார். ஆம்பூர்க்காரரிடம் சொன்னால் புரிய வேண்டும். நம் பகுதிக் கிணறுகளைக் கெடுத்ததில் தோல் தொழிற்சாலைக் குரோமியத்துக்குக் கிடைத்த பெயர் பெரிது. ஆனால் குடிக்கவும் விடாமல் பயிருக்கும் விடாமல் செய்ததில் கரைந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரித்து மறுபடி எடுத்துவிடலாம். கரைந்த உப்பை எடுக்க ஆர்.ஓ. வேண்டும், அதன் பிறகு மிஞ்சும் கழிவுநீரை ஆவியாக்கும் கலன் வேண்டும், அதற்கு விறகோ நிலக்கரியோ வேண்டும், கடைசியில் கிடைக்கும் உப்பு மூட்டைகளை வைக்க இடம் வேண்டும். வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டுவது இதோடுதான். வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்ததும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்ததும் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். பாலாற்று மாசு பற்றி 2025 ஜனவரியிலும் அந்த நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் தொழில்களுக்குத் தடை விதிக்கும் 1989-ஆம் ஆண்டின் அரசாணையும் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு "பசுமைத் தொழில்" என்ற பலகையை மாட்டிக்கொண்டு அமிலத் தொட்டி கட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கதவைத் தட்டினால், அங்கே இருப்பவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பதில் தப்பே இல்லை.

அமிலம் இல்லாத வழி ஒன்று உண்டு, மறைக்கவில்லை. ஓட்டோடு வெல்லப்பாகுக் கழிவைக் கலந்து லாக்டோபாசில்லஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்தால், அது சுரக்கும் லாக்டிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. நொதிகள் புரதத்தைச் சிதைக்கின்றன. வடிகிற திரவத்தைத் தீவனமாகவோ உரமாகவோ பயன்படுத்தலாம். நாட்கணக்கில் ஆகும், சுத்தமும் முழுசாக வராது. அதோடு, கடைசிக் கட்டமான கடும் காரம் அப்போதும் தேவைப்படுகிறது. ஆராய்ச்சிக்கு நல்ல தலைப்பு. பத்து லட்சத்தில் வயிறு வளர்ப்பதற்கு அல்ல.

சரி, கைட்டோசானை விலைக்கு வாங்கிவிட்டீர்கள் என்றே வைப்போம். அதில் பை செய்தால் என்ன?

செய்முறை நீங்கள் பார்த்ததுதான்: ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் (வினிகரில் இருக்கும் அமிலம்) இரண்டு சதவீதம் கைட்டோசானைக் கரைத்து, வளைந்து கொடுப்பதற்காக அதன் எடையில் கால் பங்கு கிளிசரின் சேர்த்து, தட்டில் ஊற்றிக் காயவைத்து உரிப்பது. மெல்லிய மஞ்சள் சாயலோடு கண்ணாடித் தாள் போல அழகாகவே வரும். இப்போது கணக்கு. 50 மைக்ரான் தடிமனில் ஒரு சதுர மீட்டர் படலம் சுமார் 70 கிராம் எடை இருக்கும். அதில் 56 கிராம் கைட்டோசான். இரண்டு சதவீதக் கரைசல் என்பதால் அந்த ஒரு சதுர மீட்டருக்காக 2.8 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். 30-க்கு 40 செ.மீ. பை ஒன்றுக்கு 0.24 சதுர மீட்டர் பிடிக்கும். ஆக ஒரு பைக்கு 17 கிராம் படலமும், ஏறத்தாழ 670 மில்லி தண்ணீரும். மின்சாரத்தில் உலர்த்தினால் வெப்பம் துளியும் வீணாகாத நிலையிலேயே ஒரு பைக்கு 0.4 யூனிட். 100 கிலோ ஈர ஓட்டிலிருந்து வந்த மூன்றரைக் கிலோ கைட்டோசானுக்குக் கிடைப்பது சுமார் 250 பை. பிரியாணிக் கடையில் வெள்ளிக்கிழமை மதியம் எத்தனை பார்சல் போகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

வேலூர் வெயிலில் காயவைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்பீர்கள். ஆகும். நெடுஞ்சாலைத் தூசியும் ஈயும் சேர்ந்து காயும். உணவு தொடும் பொருளை மொட்டைமாடியில் உலர்த்த எந்த அதிகாரியும் உரிமம் தர மாட்டார்.

காசையும் விடுங்கள், பொருள் தாங்குமா என்று பாருங்கள். கைட்டோசான் படலம் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், எண்ணெயை விடாது. ஈரத்தின் முன் நிற்காது. ஆவி பறக்கும் பிரியாணியை அதில் கட்டினால் படலம் நீரை உறிஞ்சி உப்பித் தொளதொளவென்று ஆகிவிடும். பாலித்தீனைப் போலச் சூடுவைத்து ஓரத்தை ஒட்டவும் வராது. நீர்த்த காஸ்டிக்கில் முக்கி எடுத்தால் தண்ணீரில் கரையாத நிலைக்குக் கொண்டுவரலாம், அது உண்மை. ஆனால் அமிலத்தில் கரைகிற குணம் அப்போதும் போகாது. பிரியாணியோடு நீங்கள் கட்டிக் கொடுப்பது என்ன? வெங்காயத் தயிர்ப் பச்சடி! தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம் கைட்டோசானுக்கு மிகவும் பிடித்த கரைப்பான்களில் ஒன்று. சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு துண்டுப் படலத்தைப் புளித்த தயிரில் போட்டு மறுநாள் காலை விரலால் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பான ஒரு கூழ் விரலில் ஒட்டும். ஆம்பூர் பிரியாணிக்கென்றே அளவெடுத்தது போல ஒரு தோல்வி.

வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்து இந்த ஆசை வந்திருக்கலாம். லூசி ஹியூஸ் என்ற பிரிட்டிஷ் மாணவி மீன் தோலையும் செதிலையும் சிவப்புக் கடற்பாசியின் அகாரோடு சேர்த்து உருவாக்கிய மரினாடெக்ஸ் 2019-இல் ஜேம்ஸ் டைசன் விருது வாங்கியது. ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் இறால் கைட்டோசானையும் பட்டுப் புரதத்தையும் அடுக்கி ஷ்ரில்க் என்று ஒன்றைச் செய்தார்கள். இரண்டும் நல்ல வேலைகள். ஆனால் அவை காட்டுவது பொருள் சாத்தியம் என்பதை. ஒரு பிரியாணிக் கடை அதற்கு என்ன விலை கொடுக்கும் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் தேடக் கூடாது.

இனி நான் சொல்கிற வழி. அதே கைட்டோசானைப் பையாக வார்க்காமல் காகிதத்தின் மேல் சதுர மீட்டருக்கு 4 கிராம் வீதம் பூசுகிறீர்கள். காகிதத்தின் செல்லுலோஸ் இழைகள் லேசான எதிர்மின் தன்மை கொண்டவை. அமிலக் கரைசலில் இருக்கும் கைட்டோசான் நேர்மின் தன்மை கொண்டது. பசை எதுவும் போடாமலே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பூச்சு காகிதத்தின் துளைகளை மூடுகிறது, எண்ணெய் ஊடுருவ வழி இல்லை. நீராவி மட்டும் கொஞ்சம் வெளியேறும். வடை, பஜ்ஜி, பரோட்டா கட்டுகிறவருக்கு இது குறையே இல்லை, வரம். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய வடை அரை மணியில் வியர்த்து நமுத்துப் போகிறதே, இதில் அந்தத் தொல்லை குறைவு.

அந்த மூன்றரைக் கிலோவை இப்படிப் பூசினால் 875 சதுர மீட்டர் வரும். 20-க்கு 25 செ.மீ. அளவில் வெட்டினால் 17,500 தாள். 250 பை எங்கே, 17,500 தாள் எங்கே. ஆவியாக்க வேண்டிய தண்ணீரும் சதுர மீட்டருக்கு 200 மில்லிதான். குறைந்த மூலக்கூறு எடையுள்ள கைட்டோசான் வாங்கினால் கரைசலை 4 சதவீதம் வரை கெட்டியாக்கலாம், தண்ணீர் பாதியாகும்.

சந்தையும் இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தடையில் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் காகிதக் கப்பும் சேர்ந்தே இருக்கின்றன. வாழை இலையும் மந்தாரை இலையும் பாக்குமட்டையும் ஒரு பக்கம் திரும்பி வந்தன. மறுபக்கம் வடைக்கடைகள் சத்தமில்லாமல் பழைய செய்தித்தாளுக்கே போய்விட்டன. அச்சு மையில் ஊறிய எண்ணெயோடு வடை சாப்பிடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தித்தாள் இருக்கிற இடம்தான் உங்கள் தாளின் இடம். மிக்சர், முறுக்கு, காராசேவு, பரோட்டா, சமோசா, கேக் அடித்தாள் என்று எண்ணெய் உண்டு, தண்ணீர் இல்லை என்கிற எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆற்காடு மக்கன் பேடாவுக்குப் பொருந்தாது. அது பாகில் ஊறியது. பிரியாணிக்கு வேண்டுமானால் பெட்டிக்குள் விரிக்கும் தாளாகக் கொடுக்கலாம். உள்ளே வாழை இலை ஒன்று இருந்தால் தயிர்ப் பச்சடியைப் பற்றிக் கவலை இல்லை. பூச்சின் மேல் தேன்மெழுகு அல்லது கார்னோபா என்ற தாவர மெழுகில் இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்தால் ஈரமும் ஓரளவு நிற்கும், ஆனால் விலை ஏறும். முதல் ஆண்டிலேயே அதில் கை வைக்காதீர்கள்.

இதை உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே சோதிக்கலாம். 100 மில்லி தண்ணீரில் ஒரு மில்லி அசிட்டிக் அமிலம், அதில் 2 கிராம் கைட்டோசான். கட்டி கட்டியாகத் திரளும், பதற வேண்டாம். இரவு முழுவதும் விட்டு விட்டுக் கிளறினால் காலையில் விளக்கெண்ணெய் பதத்துக்கு வந்திருக்கும். மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். கரையாத துகள் ஒன்று இருந்தாலும் பூச்சில் அந்த இடத்தில் துளை விழும். பழுப்புக் காகிதத்தில் தட்டையான தூரிகையால் ஒரே திசையில் ஒரு பூச்சு, காய்ந்ததும் குறுக்குத் திசையில் இன்னொரு பூச்சு. காகிதம் சுருளும். ஈரம் முழுதும் போவதற்குச் சற்று முன்பாக இரண்டு கனமான பலகைகளுக்கு நடுவே வைத்தால் படிந்துவிடும். பிறகு வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் இதை விரித்து, சூடான கடலை எண்ணெயில் நான்கைந்து சொட்டு விட்டு ஒரு மணி நேரம் கழித்து அடித்தாளைப் பாருங்கள். பூசாத காகிதத்திலும் அதையே செய்யுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தெரியவில்லை என்றால் பூச்சு மெல்லியது அல்லது காகிதம் மிகவும் நொய்யது. நெருக்கமான இழையுள்ள காகிதம்தான் கைட்டோசானை மேலேயே நிறுத்தி வைக்கும். செய்தித்தாள் ரகம் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு பல்லை இளிக்கும்.

வினிகர் வாசனை ஒரு தலைவலி. 80 டிகிரிக்கு மேல் அனல் காற்றில் சில நிமிடம் ஓட்டினால் பெரும்பகுதி போய்விடும். லாக்டிக் அமிலத்தில் கரைத்தால் வாசனையே இருக்காது, ஆனால் மழைக்காலத்தில் தாள் பிசுபிசுக்கும். நான் அசிட்டிக் பக்கம்.

எந்திரத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. தோலுக்கு மெருகு ஏற்றும் உருளைப் பூச்சு எந்திரங்களையும், தெளித்து உலர்த்தும் வரிசைகளையும் ஓட்டித் தேர்ந்த கைகள் ஆம்பூரிலிருந்து இராணிப்பேட்டை வரை இருக்கின்றன. பூச்சு எத்தனை கிராம் ஏறியிருக்கிறது என்பதைத் தராசு இல்லாமலே சொல்லும் ஆட்கள் அவர்கள். அந்த ஆட்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எந்திரத்தை எடுக்காதீர்கள். குரோமியமும் ஃபார்மால்டிஹைடும் சாயமும் ஓடிய உருளையை எத்தனை முறை கழுவினாலும் அதில் உணவுத் தாள் ஓட்டக் கூடாது. சிறிய உருளை எந்திரமும் அனல் காற்று உலர்த்தியும் புதிதாகவே செய்துகொள்ளுங்கள். உங்கள் பத்து லட்சத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போக வேண்டும்.

மீன் செதிலைப் பற்றிக் கேட்டீர்கள். வேலூருக்கு உண்மையிலேயே சொந்தமான சரக்கு அதுதான். காவேரிப்பாக்கம் ஏரியிலும் மோர்தானா அணையிலும் பிடிபடும் கட்லா, ரோகு எல்லாம் பெரிய செதில் மீன்கள். செதில் இறால் ஓடு போல் அழுகாது. அலசி வெயிலில் போட்டால் ஒரே நாளில் சலசலவென்று காய்ந்துவிடும், மூட்டை கட்டி மாதக்கணக்கில் வைக்கலாம். அதில் இருப்பது கொலாஜன் என்ற புரதமும் எலும்பில் உள்ள அதே கால்சியம் பாஸ்பேட் தாதுவும். நீர்த்த அமிலத்தில் தாதுவைக் கரைத்துவிட்டு 60, 70 டிகிரி வெந்நீரில் வைத்தால் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து வரும். குளிர்நாட்டுக் காட் மீனின் ஜெலட்டினைவிட நம் வெப்பநாட்டுக் கெண்டை இனங்களின் ஜெலட்டின் உறுதியாக உறையும்.

ஜெலட்டின் படலம் தண்ணீர் பட்டால் கரையும், அதுதான் அதன் சாபம். அதற்கு மருந்து நம் தாத்தா காலத்துத் தோல் பதனிடும் தொட்டிகளில் இருக்கிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் தோலை அழுகாமல் காத்தது எப்படி? அவற்றில் இருக்கும் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைத்தன. அதே டானின் ஜெலட்டின் படலத்தையும் குறுக்கே பிணைத்து நீரில் கரைவதைக் குறைக்கிறது. படலம் பழுப்பாகும், கொஞ்சம் விறைக்கும். குரோமியம் வருவதற்கு முன்பு சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் போன தோல்களெல்லாம் இந்த வேதியியலில்தான் நின்றன. அது உணவுப் பொட்டலத்துக்கும் உதவும் என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு. ஆனால் டானின் கசக்கும், நிறம் இறங்கும், உணவில் எவ்வளவு கலக்கிறது என்று அளந்தாக வேண்டும். இதை உங்கள் இரண்டாவது திட்டமாக, ஒரு கல்லூரி ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யுங்கள். இப்போதைக்குச் செதிலைப் பிரித்துக் காயவைக்க மீன் வெட்டுகிறவர்களோடு ஒரு பேச்சு நடத்தி, கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி வையுங்கள். சரக்கு கெட்டுப் போகாது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உணவு தொடும் பொருள் என்பதால் 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிமுறைகள் உங்களைக் கட்டுப்படுத்தும். பொட்டலத்திலிருந்து உணவுக்குள் கசியும் மொத்தப் பொருளுக்குப் பிளாஸ்டிக்குக்கென்று வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 60 மில்லிகிராம், அல்லது சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம். உங்கள் தாளையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அந்த அளவுகோலுக்கே சோதித்து வைத்துக்கொண்டால் வாங்குபவர் முன் தலைநிமிர்ந்து பேசலாம். "மக்கும்" என்று அச்சடிக்க நினைத்தால் மக்கும் பொருளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17088 சோதனை: 180 நாளுக்குள் 90 சதவீதம் உயிரியல் சிதைவு என்பது அதன் மையம். காகிதமும் கைட்டோசானும் அதைத் தாண்டும். நீங்கள் சேர்க்கும் மெழுகும் அச்சு மையும்தான் காலை வாரும். "கிருமிகளைக் கொல்லும்" என்று மட்டும் அச்சடிக்காதீர்கள். கைட்டோசானுக்கு அந்தக் குணம் ஓரளவு உண்டு, ஆனால் காய்ந்த பூச்சாக, வடைக்கு அடியில் எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு சோதனை.

தாளின் மூலம் இறால் என்பதை மறைக்காதீர்கள். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களைத் தாக்குவது பெரும்பாலும் டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம். நன்றாகச் சுத்திகரித்த கைட்டோசானில் புரதம் மிகக் குறைவு; ஆனாலும் உறையில் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். சைவ இனிப்புக் கடைகளும் கோயில் பிரசாதக் கடைகளும் இதை வாங்காது, அது அவர்கள் உரிமை. காளான் வகைப் பூஞ்சைகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் உலகச் சந்தையில் உண்டு, விலை அதிகம். நம் பகுதிக்கே உரிய இன்னொன்று: இறால் உண்பது பற்றி மத்ஹபுகளுக்கு (இஸ்லாமியச் சட்ட மரபுகள்) இடையே கருத்து வேறுபாடு இருப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கடலோர ஷாஃபி ஊர்களில் எழாத கேள்வி ஹனஃபி குடும்பங்கள் நிறைந்த ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எழலாம். தாளைப் பரவலாக விற்பதற்கு முன் உங்கள் பெரியவர்களிடமும் பள்ளிவாசல் ஆலிம்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வியாபாரத்துக்கும் நல்லது.

விலையில் பாலித்தீனோடு போட்டி போட முடியாது. கிலோவுக்குக் கிலோ கைட்டோசான் பல மடங்கு. ஆனால் உங்கள் தாளில் கைட்டோசானின் பங்கு சொற்பம். ஒரு தாளுக்கு அரைக் கிராமுக்கும் குறைவாக, துல்லியமாகச் சொன்னால் 0.2 கிராம்தான் போகிறது.

கைட்டோசான் வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியவை: அசிட்டைல் நீக்கம் எத்தனை சதவீதம் (மிகவும் குறைந்தால் கரைக்கும்போது பாடாய்ப் படுத்தும்), ஒரு சதவீதக் கரைசலின் பாகுநிலை (எவ்வளவு கெட்டி என்பது) எவ்வளவு, எரித்தால் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு, ஈயமும் ஆர்சனிக்கும் பாதரசமும் சோதித்த அறிக்கை இருக்கிறதா. சாம்பல் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் சுண்ணாம்பு முழுசாகப் போகவில்லை, கரைசல் கலங்கும். நீர்ச் சுத்திகரிப்புக்கும் விவசாயத்துக்கும் விற்கும் மலிவு ரகத்தை உணவுத் தரம் என்று தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. முதலில் அரைக் கிலோ மட்டும் வாங்குங்கள், தொகுதி எண் போட்ட அறிக்கையோடு. அடுத்த தடவை வேறு தொகுதியில் இன்னொரு அரைக் கிலோ. இரண்டும் ஒரே பதத்தில் கரைகிறதா என்று பார்த்துவிட்டு அதன் பிறகு உருளை எந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.